பன்றிக்குட்டியின் எதிர்ப்புச் சக்தி: முதல் ஒரு நாளில் நடப்பது என்ன?

பன்றிக்குட்டிகளின் இறப்பில் பெரும்பகுதி பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் நடந்துவிடுகிறது. நன்றாகப் பராமரிக்கப்படும் பண்ணைகளில்கூட, பால் மறப்பதற்குள் பத்தில் ஒரு குட்டி போய்விடுவது சாதாரணம். காரணம் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அந்தக் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை.”

இந்தப் பதிலைச் சொல்பவர்கள், அது பிறவியில் அமையும் ஒரு குணம் என்று நினைத்தே சொல்கிறார்கள். சில குட்டிக்கு வாய்த்தது, இதற்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பிறந்த நிமிடத்தில் எல்லாப் பன்றிக்குட்டிகளும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி எதுவும் அவற்றின் ரத்தத்தில் இருக்காது. கிருமியை அடையாளம் கண்டு அதைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் புரதத்தைத்தான் ஆன்டிபாடி என்கிறோம். குட்டிகளுக்கு இடையே வித்தியாசம் உண்டாவது பிறந்த பிறகு, அதுவும் முதல் 24 மணி நேரத்தில். அதனால்தான் இந்தப் பதில் எனக்கு உறுத்துகிறது. தடுக்கக்கூடிய ஒரு சாவை விதி என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

கைப்பணமும் சம்பளமும்

வெளியூருக்கு வேலைக்குப் போகும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் திறமை அவனிடம் இருக்கிறது. ஆனால் முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை வீட்டில் கொடுத்தனுப்பிய கைப்பணத்தில்தான் காலம் தள்ள வேண்டும். அந்தப் பணம் எடுக்க எடுக்கக் குறையுமே தவிர, தானாக நிரம்பாது.

உடல் தானே ஆன்டிபாடி உண்டாக்குவது சம்பளம் மாதிரி. ஒரு கிருமியையோ தடுப்பூசியையோ சந்தித்து, அதற்கேற்ற அணுக்கள் பெருகி, ஆன்டிபாடி வெளிவரச் சில வாரங்கள் ஆகும். வரத் தொடங்கிவிட்டால் தேவைப்படும்போதெல்லாம் மறுபடி உண்டாக்கிக்கொள்ள முடியும். இதைச் ‘சொந்த எதிர்ப்பு’ என்று சொல்லலாம். தாய் தயாராகச் செய்து கொடுக்கும் ஆன்டிபாடி கைப்பணம். கிடைத்தவுடனே வேலை செய்யும். ஆனால் நாளாக நாளாகக் கரைந்து தீர்ந்துவிடும். இது ‘பெற்ற எதிர்ப்பு’.

மனிதக் குழந்தை கைப்பணத்தோடுதான் பிறக்கிறது. கருப்பையில் இருக்கும்போதே, முக்கியமாகக் கடைசி மாதங்களில், தாயின் ஆன்டிபாடிகள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பன்றிக்குட்டிக்கு அந்த வழி கிடையாது.

நச்சுக்கொடி ஏன் வழிவிடுவதில்லை?

மனிதரின் நச்சுக்கொடியில் கருவின் திசு, தாயின் ரத்தத்திலேயே நேரடியாக நனைந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள அணுக்கள் தாயின் ஆன்டிபாடியைப் பிடித்துக் கருவின் பக்கம் கடத்திவிடும். பன்றியின் நச்சுக்கொடி அமைப்பே வேறு. தாயின் ரத்தத்துக்கும் கருவின் ரத்தத்துக்கும் நடுவே ஆறு அடுக்குகள் அப்படியே இருக்கின்றன. தாயின் ரத்தக்குழாய்ச் சுவர், அதையொட்டிய இணைப்புத் திசு, கருப்பையின் உள்தோல் ஆகிய மூன்றும் தாயின் பக்கம். கருவின் வெளித்தோல், அதன் இணைப்புத் திசு, அதன் ரத்தக்குழாய்ச் சுவர் ஆகிய மூன்றும் கருவின் பக்கம். ஆக்சிஜன் கடக்கும், சர்க்கரை கடக்கும். ஆன்டிபாடி பெரிய புரதம். அதைக் கடத்திவிட அங்கே ஏற்பாடு இல்லை. குதிரைக்கும் மாட்டுக்கும் அமைப்பில் சில வேறுபாடுகள் இருந்தாலும் விளைவு இதேதான்.

“அப்படியானால் கருவிலிருக்கும் குட்டிக்கு எதிர்ப்பு அமைப்பே இல்லையா?” என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது பார்வோவைரஸ் என்ற கிருமி. பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாட்கள். பார்வோவைரஸ் கருவைச் சுமார் 70-ஆம் நாளுக்கு முன்பு தாக்கினால் கரு செத்து, சுருங்கி உலர்ந்துபோகும். 70 நாளுக்குப் பிறகு தாக்கினால் கரு தானே ஆன்டிபாடி உண்டாக்கிக்கொண்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆக, பிறப்பதற்கு ஆறு வாரம் முன்பே குட்டியின் எதிர்ப்பு அமைப்பு வேலை செய்யும் நிலைக்கு வந்துவிடுகிறது. திறமை இருக்கிறது, கையில் காசுதான் இல்லை.

இதிலிருந்து கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு நல்ல சோதனை கிடைத்தது. இன்னும் ஒரு சொட்டுப் பால்கூடக் குடிக்காத குட்டியின் ரத்தத்தில் ஏதாவது ஒரு நோய்க்கான ஆன்டிபாடி இருந்தால், அது தாயிடமிருந்து வந்திருக்க முடியாது. குட்டி கருவிலேயே அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாம். மனிதக் குழந்தையிடம் ஐ.ஜி.ஜி என்ற வழக்கமான ஆன்டிபாடியை மட்டும் பார்த்து இப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் தாயுடையதும் கலந்திருக்கும். எதிர்ப்பு அமைப்பு எப்படி வளர்கிறது என்று ஆராய்பவர்கள் 1960-களிலிருந்து பன்றிக்குட்டியை விரும்பித் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். அறுவை செய்து எடுத்து, கிருமியில்லாத பெட்டியில், சீம்பால் கொடுக்காமல் வளர்த்த குட்டியின் உடலில் ஓர் ஆன்டிபாடி தென்பட்டால், அது அந்தக் குட்டியே செய்தது என்பதில் சந்தேகமே இல்லை.

இதுவரை பார்த்தது: பன்றிக்குட்டிக்கு ஆன்டிபாடி உண்டாக்கும் திறன் உண்டு, தயாரான ஆன்டிபாடி இல்லை. தாய் அதைக் கருவில் கொடுக்க முடியாது. அப்படியானால் எப்போது கொடுக்கிறாள்?

திறந்திருக்கும் குடல்

பதில் சீம்பால். குட்டி ஈனும் வேளையில் தொடங்கி ஏறக்குறைய ஒரு நாள் வரை மடியில் சுரக்கும் முதல் பால் அது. தாய்ப்பன்றி ஈனுவதற்கு முந்தைய நாட்களில் தன் ரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி-யைப் பெருமளவில் மடிக்கு இறக்கிச் சேர்த்து வைக்கிறது. இன்ன நோய்க்கு என்று இல்லாமல், அந்தத் தாய் வாழ்நாளில் சந்தித்த நோய்கள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் எல்லாவற்றுக்குமான ஆன்டிபாடிகள் அதில் கலந்திருக்கும்.

சரி, குடித்த புரதம் வயிற்றில் செரித்துப்போகாதா? வளர்ந்த விலங்கில் செரித்துத்தான் போகும். பிறந்த குட்டியில் இரண்டு ஏற்பாடுகள் அதைத் தடுக்கின்றன. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளில் முக்கியமானது டிரிப்சின். சீம்பாலிலேயே டிரிப்சினைக் கட்டுப்படுத்தும் ஒரு பொருள் இருக்கிறது. அடுத்தது குட்டியின் சிறுகுடல். அதன் உள்பரப்பிலுள்ள அணுக்கள், பெரிய புரதங்களை உடைக்காமல் முழுசாக விழுங்கி ரத்தத்துக்கு அனுப்பக்கூடியவை. இந்தத் திறன் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு சீம்பால் குடித்தாலும் ஆன்டிபாடி ரத்தத்தில் சேராது. இந்த மாற்றத்தைத்தான் ‘குடல் மூடுதல்’ என்கிறார்கள்.

குடல் மூடுவதைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: அது கடிகாரத்தைப் பார்த்து மட்டும் நடப்பதில்லை. வயிற்றுக்குள் உணவு போவதும் அதைத் தூண்டும். குட்டி சோர்ந்து கிடக்கிறதே என்று இரக்கப்பட்டுச் சீம்பாலுக்கு முன்பு சர்க்கரைத் தண்ணீரையோ பால்பொடிக் கரைசலையோ வயிறு நிறைய ஊட்டினால், ஆன்டிபாடி உள்ளே வருவதற்கு முன்பே குடல் மூடத் தொடங்கிவிடும். நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம், குட்டிக்கு இருந்த ஒரே வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறது. முதலில் உள்ளே போக வேண்டியது சீம்பால்தான். தன் தாயுடையது கிடைக்காவிட்டால் அன்றைக்கு ஈன்ற இன்னொரு பன்றியுடையது.

திறந்திருக்கும் குடல் நல்லதை மட்டும் உள்ளே விடாது. அழுக்கான தரையில் கிடக்கும் கிருமிகளும் அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து சேரும். இரண்டில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்துக் குட்டியின் பிழைப்பு அமைகிறது.

இன்னொரு பக்கம், சீம்பாலின் தரமும் வேகமாக இறங்குகிறது. முதல் குட்டி பிறந்த 12 மணி நேரத்துக்குள் அதிலுள்ள ஐ.ஜி.ஜி பாதி அளவுக்கு வந்துவிடும். ஈனுதல் சில மணி நேரம் நீடிப்பதால், முதலில் பிறந்த குட்டி கெட்டியான சீம்பாலைக் குடித்து நிமிர்ந்திருக்கும். கடைசிக் குட்டி வரும்போது தரமும் குறைந்திருக்கும், காம்புகளையும் அண்ணன்மார் பிடித்திருப்பார்கள்.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குட்டிக்கு முதல் நாளில் 200 முதல் 250 கிராம் சீம்பாலாவது போக வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு தாய்ப்பன்றி சராசரியாக 3.5 கிலோ சீம்பால் சுரக்கிறது. 14 குட்டிகள் என்றால் தலைக்கு 250 கிராம் வரும், சரியாக இருக்கும். 18 குட்டிகள் என்றால் 200 கிராமுக்கும் கீழே. பிந்தைய பாலைப் போல, குட்டிகள் கூடினால் சீம்பாலும் கூடும் என்பதில்லை. அதிகக் குட்டி போடும் இனங்களை மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். சீம்பால் அதே வேகத்தில் பெருகவில்லை. அதனால் பெரிய ஈற்றில், வயிறு நிறைந்த தடித்த குட்டிகளை ஒரு மணி நேரம்போல வெதுவெதுப்பான இடத்தில் தனியே வைத்துவிட்டு, சிறியவற்றை மட்டும் மடியில் விடுகிறார்கள். செலவில்லாத வேலை. எத்தனையோ குட்டிகளைக் காப்பாற்றும் வேலையும்கூட.

குளிர் என்ற முதல் எதிரி

சீம்பால் மடியில் இருக்கிறது, குடலும் திறந்திருக்கிறது. பிறகும் ஏன் சில குட்டிகள் குடிப்பதில்லை? இங்கே நோயை விட்டுவிட்டு உடலியங்கியல் பக்கம் வர வேண்டும்.

கருப்பையின் வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வெளியே விழும் குட்டிக்கு ரோமம் பேருக்குத்தான் உண்டு, தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. உடல் எடையில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான். பல பாலூட்டிகளின் குட்டிகளிடம் பழுப்புக் கொழுப்பு என்ற சிறப்புத் திசு இருக்கும். எரிந்து வெப்பம் தருவது மட்டுமே அதன் வேலை. பன்றிக்கு அதுவும் இல்லை. அந்தத் திசுவை இயக்கும் மரபணு பன்றியின் மூதாதைகளிடம் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் குட்டி நடுங்கித்தான் வெப்பம் உண்டாக்க வேண்டும். நடுங்குவதற்கு எரிபொருள், ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு. பால் குடிக்காவிட்டால் அது ஒரு நாள்கூடத் தாங்குவது கடினம்.

பிறந்த குட்டி கூடுதல் சிரமம் இல்லாமல் இருக்க, சுற்றிலும் 34 டிகிரி வெப்பம் வேண்டும். தாய்க்கோ 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சுகம். ஒரே கொட்டிலில் இருவரையும் திருப்திப்படுத்த முடியாது. குட்டிகளுக்கு மட்டும் ஒரு மூலையில் விளக்குப் போட்டுச் சூடாக்குவது இதற்காகத்தான்.

குளிர்ந்த குட்டி மந்தமாகும். மந்தமான குட்டி காம்பைத் தேடி முட்டி மோதாது. குடிக்காததால் எரிபொருளும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. சூட்டுக்காகத் தாயை ஒட்டியே படுத்துக்கொள்ளும். 200 கிலோவுக்கு மேலுள்ள தாய் புரண்டு படுக்கும்போது விலகி ஓட அதற்குத் தெம்பிருக்காது. பதிவேட்டில் ‘நசுங்கிச் சாவு’ என்று எழுதப்படும். நசுங்காமல் தப்பிய குட்டி மூன்றாம் நாள் கழிச்சலில் செத்தால் ‘கழிச்சல்’ என்று எழுதப்படும். இரண்டும் தொடங்கிய இடம் ஒன்று. பதிவேட்டை மட்டும் பார்த்து மருந்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சுருக்கமாக: சூடு இருந்தால் குட்டி குடிக்கும்; குடித்தால் ஆன்டிபாடி ரத்தத்தில் சேரும்; குடல் மூடுவதற்குள் இது நடந்தாக வேண்டும்.

சீம்பாலுக்குப் பிறகு வரும் பால்

குடல் மூடிவிட்டது. இனி வரும் பால் வெறும் உணவுதானா? பல காலம் அப்படித்தான் நம்பினார்கள். அதை மாற்றியது ஒரு கொடிய நோய்.

1946-இல் அமெரிக்காவில் டாயில், ஹட்சிங்ஸ் என்ற இருவர் பன்றிக்குட்டிகளின் ஒரு கடும் கழிச்சல் நோயைப் பற்றி எழுதினார்கள். டி.ஜி.இ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நோயைக் கொண்டுவருவது ஒரு கொரோனா வைரஸ். சிறுகுடலின் உள்பரப்பில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகளை அது அழித்துவிடும். இரண்டு வாரத்துக்குட்பட்ட குட்டிகள் நீரிழந்து ஏறக்குறைய எல்லாமே சாகும்.

ஆய்வாளர்களை ஒரு விஷயம் குழப்பியது. தாய்க்கு ஊசி வழியாகத் தடுப்பு மருந்து கொடுத்தால் அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய வந்தது. சீம்பாலிலும் இருந்தது, குட்டியின் ரத்தத்திலும் சேர்ந்தது. ஆனாலும் குட்டிகள் நோய் வந்து செத்தன. அதே நேரத்தில், அந்த நோய் வந்து தேறிய தாயிடம் தொடர்ந்து பால் குடித்த குட்டிகள் பிழைத்தன. அவற்றைப் பாலிலிருந்து பிரித்தால் பாதுகாப்பு போய்விட்டது.

1970-களின் தொடக்கத்தில் ஒஹையோவில் எட்வர்ட் போலும் லிண்டா சைஃப் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். இந்த வைரஸ் தாக்குவது குடலின் பரப்பை. குட்டியின் ரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு இருந்தாலும், கிருமி வந்து இறங்கும் இடத்தில் அது இல்லை. நோய் வந்து தேறிய தாயின் பாலில் இருந்தது ஐ.ஜி.ஏ என்ற வேறு வகை ஆன்டிபாடி. அது செரிமானத்தைத் தாங்கி நிற்கும். ரத்தத்துக்குப் போகாமல் குடலுக்குள்ளேயே இருந்து, ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் அங்கே புதிதாக வந்து சேர்ந்து, வைரஸ் ஒட்டாதபடி காக்கும்.

அந்த ஐ.ஜி.ஏ எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் மிக அழகான பகுதி. தாயின் குடலில் கிருமியைச் சந்தித்த அணுக்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. ரத்தத்தின் வழியே பயணப்பட்டு மடியில் போய்க் குடியேறி, அங்கே ஐ.ஜி.ஏ சுரக்கின்றன. தாயின் குடல் பார்த்த கிருமிக்கு மடி பதில் தயாரிக்கிறது. தாய் வாழும் கொட்டிலில் குட்டியும் வாழப்போகிறது என்பதால், குட்டிக்குத் தேவைப்படும் பதிலும் அதுவேதான். குடலுக்கும் மடிக்கும் உள்ள இந்தத் தொடர்பு மனிதத் தாய்ப்பாலிலும் உண்டு.

இந்த அறிவு பின்னால் உதவியது. 2013-இல் பி.இ.டி என்ற இன்னொரு குடல் கொரோனா வைரஸ் அமெரிக்காவுக்குள் நுழைந்து லட்சக்கணக்கான குட்டிகளைக் கொன்றது. கையில் தடுப்பூசி இல்லாத நிலையில் பல பண்ணைகள், சினையாக இருந்த தாய்களின் தீனியில் நோய்க்கிருமி கலந்த பொருளைக் கொடுத்து, அவற்றின் குடல் வைரஸைச் சந்திக்கும்படி செய்தன. அடுத்து ஈன்ற குட்டிகளுக்குப் பால் வழியாகப் பாதுகாப்பு கிடைத்தது. வேறு நோய்களையும் கூடவே பரப்பிவிடும் ஆபத்து உள்ள முறை இது. கால்நடை மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் செய்யக்கூடாது.

சீம்பாலே கெடுதல் செய்த கதை

குடல் எதையும் தேர்ந்தெடுத்து உறிஞ்சுவதில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. ஹாக் காலரா என்று முன்பு சொல்லப்பட்ட பன்றிக் காய்ச்சலுக்கு, நோயுற்ற பன்றியின் ரத்தத்தைக் கிரிஸ்டல் வயலட் சாயத்தால் பதப்படுத்தி ஒரு காலத்தில் தடுப்பூசி செய்தார்கள். அந்த ஊசியில் வேற்று ரத்த வகைச் சிவப்பணுக்களும் இருந்ததால், சில தாய்கள் அவற்றுக்கு எதிராகவும் ஆன்டிபாடி உண்டாக்கிக்கொண்டன. அந்த ரத்த வகையைத் தந்தை வழியில் பெற்ற குட்டிகள் நலமாகப் பிறந்து, சீம்பால் குடித்து, பிறகு ரத்தம் சிதைந்து மஞ்சள் காமாலையில் செத்தன. முதல் நாள் மட்டும் வேறு பன்றியிடம் பால் குடித்திருந்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சீம்பாலால் தர முடியாத ஒன்றும் இருக்கிறது: இரும்பு. வேகமாக வளரும் குட்டிக்கு நாளுக்கு 7 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு தேவை, பாலில் வருவது ஏறக்குறைய 1 மில்லிகிராம். மண்ணைக் கிளற வழியில்லாத கொட்டிலில் வளரும் குட்டிகளுக்கு முதல் சில நாட்களுக்குள் இரும்பு ஊசி போடுவது இதனால்தான். ரத்தசோகை வந்த குட்டியையும் ‘எதிர்ப்புச் சக்தி இல்லாத குட்டி’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது வேறு கணக்கு.

தடுப்பூசியை ஏன் பிறந்தவுடன் போடுவதில்லை?

“சீக்கிரம் போட்டால் நல்லதுதானே?” என்பது அடிக்கடி வரும் கேள்வி. தாயின் ஆன்டிபாடி குட்டியின் ரத்தத்தில் நிறைந்திருக்கும்போது தடுப்பூசி போட்டால், அந்த ஆன்டிபாடி நோய்க்கிருமிக்குச் செய்யும் வேலையைத் தடுப்பூசிக்கும் செய்யும். குட்டியின் சொந்த அணுக்கள் அதைப் பார்த்துப் பழகுவதற்கு முன்பே அது மறைக்கப்பட்டுவிடும். ஊசி போட்ட கணக்கு இருக்கும், சொந்த எதிர்ப்பு உண்டாகியிருக்காது.

தாயிடமிருந்து பெற்ற ஐ.ஜி.ஜி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அது போதுமான அளவு குறையும்வரை காத்திருக்க வேண்டும். நோய் நுழையும் அளவுக்குக் குறைந்துவிடவும் விடக்கூடாது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளி குறுகலானது. போதாததற்கு, பல இடங்களில் மூன்று அல்லது நான்கு வாரத்திலேயே பால் மறக்கடிக்கிறார்கள். ரத்தத்து ஐ.ஜி.ஜி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாலின் ஐ.ஜி.ஏ ஒரே நாளில் நின்றுபோகிறது. சொந்த எதிர்ப்பு அப்போதுதான் தலையெடுக்கிறது. பால் மறந்த முதல் வாரங்களில் கழிச்சல் அதிகமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குக்கூட இந்த நாள் ஒன்றாக இருக்காது. சீம்பால் நிறையக் குடித்த குட்டியிடம் தாயின் ஆன்டிபாடி பல வாரம் தங்கும், தடுப்பூசியும் தாமதமாகத்தான் பிடிக்கும். கடைசியாகப் பிறந்து கொஞ்சமே குடித்த குட்டிக்கு ஊசி முன்னதாகவே பிடிக்கும், ஆனால் அந்த நாள் வருவதற்குள் நோய் வந்துவிடலாம். அதனால் ஒரு மந்தையில் எந்த வாரத்தில் போடுவது என்பதை முடிவுசெய்ய, வெவ்வேறு வயதுக் குட்டிகள் சிலவற்றின் ரத்தத்தை எடுத்து, தாயின் ஆன்டிபாடி எந்த வாரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். தாய்களுக்குப் போட்ட தடுப்பூசி மாறினாலோ, புதிய தாய்கள் மந்தையில் சேர்ந்தாலோ, அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.